இருபத்து மூன்று அங்குலம்

நீளம் பதினான்கு அடி.
அகலம் இருபத்து மூன்று அங்குலம்.
"நம் இஸ்திரி மேசையே பரவாயில்லை" என்றான் பார்னபாஷ்.
வேனிலிருந்து ஒரு முனையை நான் இறக்கியபோது
மறுமுனை அடுத்த வீட்டு ரோஜாச் செடிக்குள் இருந்தது.

இதய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல்
எதன்மேலும் ஏறி நின்றதில்லை.
விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.
எலும்பு இல்லை. நரம்பு இல்லை.
கருப்புக் கார்பன் தோலுக்குள்
பூராவும் நுரை.
பதினொன்றரைக் கிலோ.
விலையைப் பார்னபாஷிடம் இரண்டு தவணையாகச் சொல்வதாக ஏற்பாடு;
இரண்டாம் தவணை இன்னும் பாக்கி.

பழையது காற்றடித்த ஆரஞ்சு.
ஒட்டுப்போட்ட இடங்கள் நான்கு.
அதன்மேல் உட்கார்ந்து மகள் லாங்கோஷ் தின்றிருக்கிறாள்,
பூண்டும் பாலாடையும் முழங்கைவரை வழிய.
நாய் தூங்கியிருக்கிறது.
சோபாவைத் தண்ணீரில் தள்ளியதுபோல் போகும்,
போகிறதே என்று நாமும் போவோம்.
செப்டம்பர் பந்தயத்தில் ஒவ்வொரு வருடமும்
இல்திகோவின் முதுகை
நான் மனப்பாடம் செய்தது அதில் நின்றுதான்.

இது வேறு பிறவி.
நிற்பதற்கென்று நடுவில் தொட்டிபோல் ஒரு பள்ளம்.
கால் வைத்ததும்
நீ யார் என்று கேட்டது.
பதில் சொல்வதற்குள் தண்ணீரில் இருந்தேன்.

பாலட்டோன் ஏரி இந்தக் கரையோரம் மார்பளவே ஆழம்.
மூழ்கக்கூட முடியாது;
விழுந்த இடத்திலேயே எழுந்து நின்று
எல்லோரையும் பார்த்துத் தலையசைக்க வேண்டும்.
படகுத்துறையில் பார்னபாஷ் உரக்க எண்ணினான்:
ஒன்று. இரண்டு. மூன்று.
ஐந்தோடு நிறுத்திக்கொண்டான்.
பத்தொன்பது வருடத்தில் அவன் எனக்குச் செய்த
பெரிய மரியாதைகளில் அது ஒன்று.
ஓர் அன்னம் மட்டும்
கழுத்தைத் திருப்பாமல் கடைசிவரை பார்த்தது.

எட்டாவது முறை
பாதத்தைப் பார்ப்பதை விட்டேன்.
தூரத்தில் திஹானிக் குன்றின் மேல்
மடாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்.
அவற்றுக்கு நடுவே கண்ணை ஊன்றி
முழங்காலைத் தளர்த்தி
துடுப்பை இறக்கினேன்.
இழுத்தேன்.

ஜவுளிக்கடையில் தேர்ந்த கை
கத்தரியைத் திறந்தபடியே, வெட்டாமல் ஓடவிடும்போது
துணி தானே பிளந்து வழிவிடுமே,
அந்தச் சத்தம்.

மணிக்கட்டில் கடிகாரம் ஒன்பது கிலோமீட்டர் என்றது.
பழையதில் ஆறைத் தாண்டியதில்லை.
ஆனால் தும்மக் கூடாது.
பக்கவாட்டில் ஒரு படகின் அலை வந்தால்
பிரார்த்தனைக்கு நேரமில்லை.
இல்திகோவின் முதுகை வைத்து ஒரு கணக்குப் போட்டேன்.
போடும்போதே விழுந்தேன்.

ஏறித் திரும்பியபோது
கரையில் புயல் விளக்கு மஞ்சளாய்ச் சிமிட்டத் தொடங்கியிருந்தது.
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து.
இப்படித் துடிப்பவர்களை நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை.
தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்தது.
பால் கலந்த பச்சையில் ஏரி மடிப்பு மடிப்பாய் எழுந்தது.
பின்னால் யாரோ வாலைத் தூக்கினார்கள்.
துடுப்பு நீருக்கு வெளியே, என் கையில், சும்மா.
நான் ஒன்றும் செய்யவில்லை.
போர்டு ஓடியது.
ஒரு மடிப்பிலிருந்து இறங்கி
அடுத்ததன் முதுகில் மூக்கை வைத்து
அதையும் கேட்காமல் தாண்டி ஓடியது.
சிரித்தேனா கத்தினேனா தெரியாது,
வாய்க்குள் ஏரி இருந்தது.
கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன்.

"எப்படி?" என்றான் பார்னபாஷ், கயிற்றைப் பிடித்து.
"பழையதை விற்கவில்லை என்று மகளிடம் சொல்."
"இது?"
"இல்திகோவிடம் சொல்லாதே."

இரவு.
நடைவழியில் கிடத்தியும் இடம் போதவில்லை;
மூக்கு மட்டும் சமையலறைக்குள் நீண்டு
சொட்டிக்கொண்டிருக்கிறது.
தண்ணீர் குடிக்க எழுந்தவள்
இருட்டில் அதை மிதிக்காமல் தாண்டினேன்,
முழங்காலைத் தளர்த்தி,
கண்ணை
தூரத்து ஃபிரிட்ஜின் மேல் ஊன்றி.